மருதாணி அழிகிறது, பச்சை அழிவதில்லை: தோலைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

இதயத்தைப் பற்றியோ சிறுநீரகத்தைப் பற்றியோ பேச்சு வந்தால் நாம் கொஞ்சம் அடக்கி வாசிப்போம். தோல் என்றால் மட்டும் வீட்டுக்கு வீடு நிபுணர்கள். "தோல் மூச்சு விட வேண்டும்", "வியர்த்தால் உடம்பிலுள்ள கழிவெல்லாம் போய்விடும்", "ஆவி பிடித்தால் துவாரம் திறக்கும்", "இந்தக் கிரீம் உள்ளே போய் ஊட்டம் தரும்" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இவற்றில் பெரும்பாலானவை தவறு. தவறுகள் பலவானாலும் வேர் ஒன்றுதான்: தோலை ஒரே பொருளாக நினைத்துக்கொள்கிறோம். அது அடுக்கடுக்கானது, ஒவ்வோர் அடுக்குக்கும் வேலை வேறு. தோலைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் "எந்த அடுக்கில் நடக்கிற சங்கதி இது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மருதாணியும் பச்சையும்

கல்யாணத்துக்கு முதல் நாள் இட்ட மருதாணி இரண்டு மூன்று வாரங்களில் வெளிறி மறைந்துவிடுகிறது. பதினைந்து வயதில் குத்திய பச்சைக் கோலமோ எண்பது வயதுப் பாட்டியின் முன்கையில் இன்னும் இருக்கிறது. இரண்டும் நிறம்தான், இரண்டும் தோலில்தான். அவை போய்ச் சேர்ந்த ஆழம் மட்டும் வேறு.

மேலிருந்து கீழாகத் தோலுக்கு மூன்று பகுதிகள். முதலாவது மேல்தோல். உடலின் பெரும்பாலான இடங்களில் இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். கண்ணிமையில் அதிலும் பாதி. உள்ளங்காலில் ஒன்றரை மில்லிமீட்டர் வரை தடிக்கும். மேல்தோலில் ரத்தக் குழாய்கள் கிடையாது. லேசாகச் சிராய்த்துக்கொண்டால் ரத்தம் வராமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

அதற்குக் கீழே உள்தோல். ரத்தக் குழாய்கள், பெரும்பாலான நரம்பு முனைகள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்க்கால்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன. இவற்றையெல்லாம் தாங்கிப் பிடிப்பது கொலாஜன் என்ற உறுதியான புரத இழை. மாட்டுத் தோலில் செருப்பும் பையும் செய்கிறோமே, அது பெரும்பாலும் மாட்டின் உள்தோல்தான். மூன்றாவது, தோலடிக் கொழுப்பு. உடல் வெப்பம் வீணாகாமல் காப்பதும், அடிபட்டால் அதிர்ச்சியைத் தாங்குவதும், ஆற்றலைச் சேமித்து வைப்பதும் இதன் வேலை.

மருதாணி இலையில் லாசோன் என்றொரு சாயம் இருக்கிறது. மேல்தோலின் மேற்பரப்பில் உள்ள இறந்த செல்களின் புரதத்தோடு அது ஒட்டிக்கொள்கிறது. அந்தச் செல்கள் உதிர உதிர நிறமும் கூடவே போய்விடுகிறது. உள்ளங்கையில் இந்த அடுக்கு தடிமனானது என்பதால் அங்கே ரத்தச் சிவப்பு, புறங்கையில் வெளிறல். நன்றாகச் சிவந்தால் மாப்பிள்ளைக்கு ஆசை அதிகம் என்பார்கள். மாப்பிள்ளையை இதில் இழுக்க வேண்டியதில்லை. உள்ளங்கையின் தடிமனும், இலையை எத்தனை மணி நேரம் வைத்திருந்தோம் என்பதும் பார்த்துக்கொள்ளும்.

பச்சை குத்தும் ஊசி மேல்தோலைத் தாண்டி மையை உள்தோலில் இறக்கிவிடுகிறது. அங்குள்ள நோய் எதிர்ப்புச் செல்கள் மைத் துகள்களை விழுங்கி, செரிக்க முடியாமல் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகின்றன. அவற்றில் ஒன்று இறந்தால் புதிதாக வரும் செல் அந்த மையை எடுத்துக்கொள்கிறது என்று எலிகளில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது.

இறந்த செல்கள் கட்டிய சுவர்

மேல்தோலின் அடிவரிசையில் செல்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றன. புதியவை பழையவற்றை மேலே தள்ளும். மேலே ஏற ஏற ஒவ்வொரு செல்லும் கெரட்டின் என்ற புரதத்தால் நிரம்புகிறது. நம் தலைமுடியும் நகமும் இதே புரதத்தால் ஆனவை. பிறகு உட்கருவை இழந்து, தட்டையாகி, இறந்து, உச்சிக்கு வந்து சேர்கிறது. கொஞ்ச நாள் அங்கே இருந்துவிட்டு உதிர்கிறது. பிறந்ததிலிருந்து உதிர்வது வரை இளவயதில் ஏறக்குறைய நான்கு வாரங்கள். வயது ஏற ஏற இன்னும் மெதுவாகும். மருதாணியின் ஆயுளை நிர்ணயிப்பது இந்தக் கடைசிக் கட்டம்தான்.

உச்சியில் சேரும் இறந்த செல்களின் அடுக்கை இனிமேல் புறப்படலம் என்று குறிப்பிடுகிறேன். பெரும்பாலான இடங்களில் பதினைந்து, இருபது செல் வரிசைகள். மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. உடலுக்குள் இருக்கும் தண்ணீர் காற்றில் ஆவியாகாமல் தடுத்து நிறுத்துவது இந்த மெல்லிய படலம்தான்.

இதைப் புரிந்துகொள்ளச் செங்கல் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டையான இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் கலந்த கொழுப்புப் பூச்சு சாந்து. செங்கல்லில் தண்ணீர் ஊறும். சாந்து அதைக் கடக்கவிடாது. தோல் ஆராய்ச்சியாளர்களே பல ஆண்டுகளாகக் கையாளும் உவமை இது. அமெரிக்கத் தோல் மருத்துவர் பீட்டர் எலியாஸ் இதைப் பரவலாக்கினார்.

இந்தச் சுவரின் மதிப்பை எளிய சோதனை ஒன்று காட்டியது. ஒட்டும் டேப்பைத் தோலில் ஒட்டி உரித்தால் புறப்படலத்தின் ஒரு வரிசை கூடவே வரும். திரும்பத் திரும்ப உரித்தால் வரிசை வரிசையாகக் குறையும். 1950களில் ஐர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் இப்படிச் செய்து, தோல் வழியே வெளியேறும் நீரை அளந்தார். புறப்படலம் முழுவதும் போன பிறகு நீர் இழப்பு பன்மடங்கு எகிறியது. அதற்கு அடியில் உயிருள்ள செல்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. அவற்றால் தண்ணீரைத் தடுக்க முடியவில்லை. உயிரைக் காப்பது செத்த அடுக்கு.

அதே பிளாங்க் காய்ப்புத் தோலின் காய்ந்த துண்டுகளை எண்ணெயில் ஊறப்போட்டுப் பார்த்தார். அவை விறைப்பாகவே இருந்தன. தண்ணீர் பட்டதும் மென்மையாயின. தோல் மிருதுவாக இருக்கத் தேவை தண்ணீர். எண்ணெய் அந்தத் தண்ணீரைத் தப்பவிடாமல் மேலே மூடி நிற்கிறது, அவ்வளவுதான். ஆகவே மார்கழியில் கை கால் வெடித்தால் தேங்காய் எண்ணெயோ வாசலினோ காய்ந்த தோலில் பூசுவதைவிட, குளித்துத் துண்டால் ஒற்றி எடுத்த ஈரத்தின் மேலேயே பூசுவது பலன் தரும்.

குறைமாதக் குழந்தைகளின் கதையும் இதுதான். கருவில் முப்பது வாரங்களுக்கு முன்பே பிறந்துவிட்டால் புறப்படலம் இன்னும் முழுமையாக உருவாகியிருக்காது. தண்ணீரும் வெப்பமும் தோல் வழியாகவே கசிந்து போய்விடும். ஈரக்காற்று நிறைந்த இன்குபேட்டருக்குள் அவர்களை வைப்பது சுவர் எழும்பும் வரை அந்தக் கசிவைக் குறைப்பதற்காக.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். தோலுக்கு மூன்று பகுதிகள். மேல்தோலின் உச்சியில் இறந்த செல்களும் கொழுப்பும் சேர்ந்த புறப்படலம். நாம் சோப்புப் போடுவதும் கிரீம் தடவுவதும் பவுடர் பூசுவதும் அதன் மேல்.

பூசுவதெல்லாம் உள்ளே போகுமா?

இரண்டு தரப்பினர் இருக்கிறார்கள். பூசியதெல்லாம் உள்ளே இறங்கி ஊட்டம் தரும் என்று நம்புபவர்கள் ஒரு பக்கம். பூசியதெல்லாம் ரத்தத்தில் கலந்து விஷமாகும் என்று அஞ்சுபவர்கள் மறுபக்கம். இருவரும் சுவரை மறந்துவிட்டார்கள்.

எது நுழையும் என்பதைப் பெரும்பாலும் மூலக்கூறின் அளவு தீர்மானிக்கிறது. மூலக்கூறின் எடையை டால்டன் என்ற அலகில் சொல்வார்கள்; ஒரு ஹைட்ரஜன் அணு ஏறக்குறைய ஒரு டால்டன். நல்ல தோலில் 500 டால்டனுக்கு மேற்பட்டவை நுழைவது மிகக் கடினம் என்பது 2000ஆம் ஆண்டு முதல் தோல் மருத்துவத்தில் வழங்கும் தோராய விதி. நிகோட்டின் சுமார் 162 டால்டன், சிறியது, கொழுப்பிலும் கரையக்கூடியது. அதனால் புகைப்பழக்கத்தை விட உதவும் நிகோட்டின் பட்டையைக் கையில் ஒட்டினாலே அது ரத்தத்தில் சேர்கிறது. கொலாஜன் மூலக்கூறு சுமார் மூன்று லட்சம் டால்டன். கொலாஜன் கிரீம் விற்பவர் முன்னால் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். அந்தக் கிரீம் மேலே படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கலாம். உள்தோலுக்குப் போய் அங்கே குறைந்த கொலாஜனை நிரப்பப் போவதில்லை.

சோப்பு சுவரின் சாந்தைக் கொஞ்சம் கரைக்கிறது. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, பிஎச் அளவில் (ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஐந்தை ஒட்டி. வழக்கமான சோப்பு ஒன்பது, பத்து. குளித்ததும் தோல் இழுப்பது போன்ற உணர்வைச் சுத்தத்தின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். சாந்து குறைந்ததன் அடையாளம் அது.

மூச்சும் துவாரமும்

தவளை தோலால் சுவாசிக்கும், மனிதன் சுவாசிப்பதில்லை. மேல்தோலின் மேற்பகுதி தன் சொந்தத் தேவைக்குக் காற்றிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, உண்மைதான். உடலின் மொத்தத் தேவையில் அது கணக்கிலேயே வராது. பருத்தி உடையைச் "சுவாசிக்கும் துணி" என்று புகழும்போது உண்மையில் பேசுவது வியர்வை ஆவியாக வழி இருக்கிறதா என்பதைப் பற்றித்தான்.

துவாரங்களுக்கும் கதவு கிடையாது. திறந்து மூடுவதற்கான தசை அவற்றில் இல்லை. ஆவி பிடித்தால் உள்ளே உறைந்திருக்கும் எண்ணெய்ப் பசை இளகும். ஐஸ் வைத்தால் சுற்றியுள்ள தோல் சற்று இறுகும். தசை இருப்பது மயிர்க்கால்களில்தான். குளிரிலும் பயத்திலும் அது சுருங்கும்போது மயிர்க்கூச்செறிகிறது.

வியர்வை: கழிவு வெளியேற்றம் என்ற கட்டுக்கதை

உடலில் இருபது முதல் நாற்பது லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. வியர்வையில் 99 சதவீதம் தண்ணீர். மீதி பெரும்பாலும் உப்பு. யூரியா போன்ற கழிவுகளும் சிறிதளவு இருக்கும். ஆனால் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் பொறுப்பு ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதோடு போட்டிபோட வியர்வையால் ஆகாது. பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓடி "நச்சு நீக்கம்" செய்பவர்கள் இழப்பது தண்ணீரையும் உப்பையும்தான். அன்று மாலை எடை பார்க்கும் கருவி கொஞ்சம் மகிழ்ச்சி தரும். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் அந்த மகிழ்ச்சி போய்விடும்.

வியர்வையின் வேலை குளிர்விப்பது. தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் அதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைத் தோலிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் உடல் ஏழு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பம் ஏறக்குறைய அவ்வளவு.

"ஆவியானால்" என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். சொட்டி விழுகிற வியர்வை குளிர்விப்பதில்லை. துண்டால் துடைத்து எறிந்ததும் அப்படியே. வேலூரில் 42 டிகிரி வெயிலைத் தாங்கியவர் சென்னையின் 37 டிகிரியில் தவித்துப் போவது இதனால்தான். கடற்கரை ஊரில் காற்றே ஈரமாக இருக்கிறது. வியர்வை ஆவியாக இடமில்லாமல் உடம்பில் வழிகிறது. வழிகிறதே என்று உடல் இன்னும் வியர்க்கிறது, பயனில்லாமல். மின்விசிறி ஆறுதல் தருவது தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை நகர்த்திவிடுவதால்.

இரண்டாவது உத்தி ரத்த ஓட்டம். சூடு ஏறினால் உள்தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளுறுப்புகளின் வெப்பத்தை மேற்பரப்புக்குக் கொண்டுவருகின்றன. சாதாரணமாக நிமிடத்துக்கு அரை லிட்டருக்குள் இருக்கும் தோலின் ரத்த ஓட்டம் கடும் வெப்பத்தில் ஆறு, ஏழு லிட்டர் வரை ஏறக்கூடும். அவ்வளவு ரத்தம் தோலுக்குப் போனால் மூளைக்குக் கிடைப்பது குறையும். திருவிழாக் கூட்டத்தில் நின்றபடியே மயங்கி விழுபவர்களுக்குப் பெரும்பாலும் நேர்வது இதுதான்.

வேர்க்குரு "உடம்புச் சூடு" கொப்பளித்து வெளிவருவதல்ல. ஊறிப்போன தோல் வியர்வைக் குழாயின் வாயை அடைத்துவிட, வியர்வை உள்ளேயே கசிந்து அரிக்கிறது. வியர்ப்பதைக் குறைத்து, தோலை உலர வைத்தாலே அடங்கும். அடைத்த வாயை மேலும் அடைக்கும் அளவுக்குப் பவுடரை அப்புவது வீண். வியர்வை நாற்றம் வேறு கதை: அக்குளில் உள்ள தனி வகைச் சுரப்பிகளின் கசிவைப் பாக்டீரியா சிதைப்பதால் வருவது. அச்சுரப்பிகள் பருவ வயதில்தான் விழித்துக்கொள்கின்றன. அதனால்தான் எவ்வளவு ஓடி ஆடினாலும் சிறு குழந்தைகளிடம் அந்த வாடை இருப்பதில்லை.

சுருக்கமாக: புறப்படலம் தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிறது, வியர்வைச் சுரப்பி அதே தண்ணீரைத் தேவைப்படும்போது அளந்து வெளியே விடுகிறது.

நிறமும் வெயிலும்

மேல்தோலின் அடிவரிசையில் மெலனோசைட்டுகள் என்ற செல்கள் இடையிடையே உட்கார்ந்திருக்கின்றன. அவை உண்டாக்கும் நிறமிதான் மெலனின். நார்வேக்காரருக்கும் நைஜீரியருக்கும் நமக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். மெலனினை எவ்வளவு, எந்த வகையில் தயாரித்து அக்கம்பக்கச் செல்களுக்குப் பங்கிடுகின்றன என்பதில்தான் நிறம் மாறுகிறது. பெற்றுக்கொண்ட செல்கள் மெலனினைத் தங்கள் உட்கருவுக்கு மேலே குவித்துக்கொள்கின்றன. சூரியனின் புற ஊதாக் கதிர், அதாவது கண்ணுக்குத் தெரியாத உயர் ஆற்றல் ஒளி, உள்ளே இருக்கும் மரபணுப் பொருளைத் தாக்காமல் அது தடுக்கிறது. வெண்புள்ளி என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே மெலனோசைட்டுகளை அழித்துவிடுவதால் வருவது. தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ பரவாது.

இவ்வளவு பயனுள்ள பாதுகாப்பைக் குறைத்துத் தருகிறோம் என்று சொல்லி 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது 'ஃபேர் அண்ட் லவ்லி'. 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. விளம்பரம் பெற்ற கிரீம்களைவிட எனக்குக் கவலை தருபவை மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு களிம்புகள். முகத்தில் பூசினால் சில வாரங்கள் பளிச்சென்று தெரியும். தொடர்ந்தால் தோல் மெலிந்து, சிவந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். நிறுத்தினால் எரிச்சல் பன்மடங்காகத் திரும்பும். படர்தாமரைக்கு இதைப் பூசுவது இன்னும் மோசம். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால் அரிப்பும் சிவப்பும் அடங்கும். படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைக் காளான் கேட்பாரற்றுப் பரவும்.

வெயிலைப் பற்றிய குழப்பம் வைட்டமின் டியில் உச்சத்துக்குப் போகிறது. சூரிய ஒளியில் வைட்டமின் எதுவும் இல்லை. மேல்தோலில் உள்ள, கொலஸ்ட்ராலுக்கு நெருங்கிய ஒரு பொருள் புற ஊதா பி என்ற கதிர் பட்டு உருமாறுகிறது. பிறகு ஈரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படும் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. காலை இளவெயில் நல்லது என்று நாம் மொட்டை மாடிக்குப் போகிறோம். ஆனால் சூரியன் தாழ்ந்திருக்கும்போது கதிர் வளிமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வர வேண்டியிருப்பதால் புற ஊதா பி வழியிலேயே வடிந்துவிடும். திருப்பதியில் நடந்த ஆய்வில் இந்த மாற்றம் உச்சத்தில் இருந்தது காலை 11 முதல் பிற்பகல் 2 மணி வரை. திருப்பதி ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையில்தான் இருக்கிறது. உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் வைட்டமின் டிக்கு அந்த வெயில் அவ்வளவாக உதவாது. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து காய்வதும் உதவாது. புற ஊதா பி கண்ணாடியைக் கடப்பதில்லை. கருத்த தோலுக்கு அதிக நேரம் தேவை. அதற்காக உச்சி வெயிலில் மணிக்கணக்கில் நிற்கவும் வேண்டாம்: ஓரளவுக்கு மேல் போனால் அதே வெயில், உண்டான பொருளைச் சிதைத்துவிடுகிறது.

மிளகாய் நறுக்கிய கை

தோலின் நரம்பு முனைகளில் வெப்பத்துக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று என்று தனித்தனி உணர்விகள் உண்டு. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் உணர்வி ஒன்றை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டுபிடித்தது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும் அதே உணர்வியைத் திறக்கிறது. ஆக, மிளகாய் 'எரிகிறது' என்று மூளைக்குப் போகும் சேதி உண்மையிலேயே தீ சுட்ட சேதிதான். ஜூலியஸும், அழுத்த உணர்வியைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனும் 2021இல் நோபல் பரிசு பெற்றார்கள். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டால் எரிச்சல் குறையும்.

சுவர் இடிந்தால்

தோல் என்ன செய்கிறது என்பது அது இல்லாதபோது தெரியும். பெரிய தீக்காயத்தில் மூன்று ஆபத்துகள் ஒன்றாக வருகின்றன: தண்ணீர் வெளியேறும், கிருமி நுழையும், உடல் குளிர்ந்துபோகும். கூடவே ரத்தக் குழாய்களும் கசியத் தொடங்கி, ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் இறங்கிவிடும். பல மருத்துவமனைகளில் தொடக்கக் கணக்காகப் பயன்படும் பார்க்லாண்ட் சூத்திரம் இதுதான்: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், வெந்த பரப்பின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 4 மில்லி திரவம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாற்பது சதவீதம் வெந்திருந்தால் முதல் 24 மணி நேரத்தில் 9,600 மில்லி. அதில் பாதியை முதல் எட்டு மணி நேரத்திலேயே ஏற்ற வேண்டும். பரப்பை மதிப்பிட நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கையே அளவுகோல்: அது உடலின் தோலில் ஏறக்குறைய ஒரு சதவீதம்.

சமையலறையில் சுட்டுக்கொண்டால் பற்பசை, இங்க், மாவு எதுவும் வேண்டாம். அவை சூட்டை உள்ளேயே அடைத்து, காயத்தின் ஆழத்தையும் மறைத்துவிடும். குழாய்த் தண்ணீர் இருபது நிமிடம் ஓடட்டும்; ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையல்களை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், அதன் மேல்மூடி நம் சொந்த மேல்தோல், அதைவிட நல்ல கட்டுத்துணி கடையில் கிடைக்காது. முகம், கை, பிறப்புறுப்பு, மூட்டுகள் வெந்திருந்தாலும், உள்ளங்கையைவிடப் பெரிய பரப்பு வெந்திருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வெந்த இடம் வெளுத்தோ கருகியோ இருந்து வலியே தெரியவில்லை என்றால் தாமதிக்கவே கூடாது. உள்தோலின் நரம்பு முனைகள் வரை வெந்துபோயிருக்கும்.